இடது கையால் முடி வெட்டப்படும்

அந்தத் தெருவில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஒரு சலூன் நடத்தினார்கள். மூத்தவரைப் பெரியவர் என்றும் இளையவரைச் சின்னவர் என்றும் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர்கள் சொந்தப் பெயரை ஓட்டர் லிஸ்டில் தேடிப் பார்த்தால்தான் உண்டு. கடையில் இரண்டே நாற்காலிகள். உள்ளே தள்ளி இருந்தது பெரியவருடையது. தெருப்பக்கக் கண்ணாடியை ஒட்டி இருந்தது சின்னவருடையது.

சின்னவருக்கு வேகமான கை. கத்தரி ஓயாமல் பேசும், அவர் பேசமாட்டார். ஆபீசுக்கு நேரமாச்சு என்று வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்காருகிறவர் மறுபடி வாட்சைப் பார்ப்பதற்குள் கழுத்தில் பவுடர் விழுந்திருக்கும். சவரம் செய்யும்போது ஆட்கள் தூங்கிப்போவார்கள். தொண்டையில் கத்தி இருக்கும்போது ஒருத்தர் குறட்டை விடுகிறார் என்றால், ஒரு சலூன்காரனுக்கு அதைவிட நல்ல சர்டிபிகேட் வேறு என்ன வேண்டும்?

நாற்பத்தாறாவது வயதில், ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் அவர் கையிலிருந்து விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. என்னடா இது என்று சொல்ல வாயைத் திறந்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. அப்பா கோமாளித்தனம் பண்ணுகிறார் என்று நினைத்து மகள் சிரித்துவிட்டாள். அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் அலறினாள்.

பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கால் மெல்ல மெல்ல வந்தது. பேச்சும், முதலில் கொழகொழவென்று, அப்புறம் தெளிவாக, வந்து சேர்ந்தது. வலது கை மட்டும் வரவில்லை. தோளைத் தூக்க முடிந்தது, முழங்கையைக் கொஞ்சம் மடக்க முடிந்தது. விரல்கள் மட்டும் யாருடைய விரல்களோ போலத் தொங்கின.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையாகிவிட்டார். இதைச் சொன்னது அவர் மனைவி. அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு, ஏனென்றால் அவள் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். இடது கையால் சாப்பிட்டால் பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும் போனது. சட்டைக்குப் பட்டன் போடுவதற்குள் வேர்த்து ஊற்றி, சட்டையையே மாற்றவேண்டி வந்தது. பிசியோதெரபி செய்யும் பெண் ஒருத்தி வாரா வாரம் வந்து, பந்தை அமுக்குங்க, பட்டாணியைப் பொறுக்கிக் கிண்ணத்துல போடுங்க என்று வேலை கொடுத்துவிட்டுப் போவாள். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து இரட்டைக் கோடு போட்ட நோட்டு ஒன்று கொண்டுவந்தாள்.

"தினமும் ஒரு பக்கம் எழுதணும். கோட்டைத் தாண்டக் கூடாது."

"நான் என்ன உன் கிளாஸ் பிள்ளையா?"

"அதுங்க இவ்வளவு வாய் பேசாதுங்க."

எழுதினார். 'அ' என்ற எழுத்து நசுங்கின தவளை மாதிரி வந்தது. அவள் சிவப்புப் பேனாவால் திருத்தி, ஓரத்தில் 'சுமார்' என்று போட்டாள்.

பெரியவர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். பழம் வாங்கிவருவார், தம்பியின் செத்த கையை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொடுப்பார், கண் கலங்குவார். "நீ ஒண்ணுத்துக்கும் கவலைப்படாதேடா. கடையை நான் பாத்துக்கறேன்," என்பார். அண்ணன் பாசக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் போன பிறகு சின்னவருக்கு உடம்பு முழுக்கச் சர்க்கரைப் பாகு தடவின மாதிரி இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் சின்னவர் சட்டையின் மூன்றாவது பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. இரண்டு சுமைக்காரர்கள் மூச்சு வாங்க எதையோ தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். இரும்புப் பாதம், சிவப்பு ரெக்சின், தலை சாய்க்க மேலே ஒரு திண்டு. அவருடைய நாற்காலி.

"எங்க வைக்கணும்?"

"இது எதுக்கு இங்க வந்திருக்கு?"

"பெரியவர்தான் அனுப்பினாரு. சாஞ்சு உக்காந்து டி.வி. பாக்க வாட்டமா இருக்கும்னு சொன்னாரு."

ஹாலில், டி.வி.க்கு நேர் எதிரே அதை இறக்கிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். சின்னவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது பட்டனைப் போடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

கடை அதே தெருவில் எதிர் வரிசையில் இருந்தது, வீட்டு வாசலில் நின்றால் தெரியும். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அவர் நாற்காலி இருந்த இடத்தில் புது சோபா ஒன்று இருந்தது. அதில் மூன்று பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடா, வா," என்றார் பெரியவர், ஒருவர் தலையில் கத்தரியை ஓட்டிக்கொண்டே. "நடந்தே வந்துட்டியா? பாத்தீங்களா, என் தம்பி நடந்தே வந்துட்டான்."

"என் நாற்காலியை எதுக்கு அனுப்பினே?"

"சும்மாதானே கிடக்குது. இங்க காத்திருக்கறவங்களுக்கு உக்கார இடமில்ல. நீ வீட்டுல சாஞ்சுக்க ஆச்சு."

"நான் வேலைக்கு வருவேன்."

"வாயேன். யார் வேணாம்னா? கதவுகிட்ட ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன். வர்றவங்களை வாங்கன்னு சொல்லு. உன் முகத்தைப் பாத்தாலே நாலு பேர் உள்ள வருவாங்க."

"வாங்கன்னு சொல்ல இல்ல. வெட்ட வருவேன். இடது கையால பழகிக்கறேன்."

கத்தரி நின்றது. பிறகு பெரியவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளை நான் நிலாவைப் பிடிப்பேன் என்றால் சிரிக்கிற சிரிப்பு. "டேய், இந்த வயசுல இடது கையால பேனா பிடிக்கவே ததிங்கிணத்தோம். நீ கத்தியைப் பிடிக்கப் போறியா? ஒருத்தர் மேல ஒரு கீறல் விழட்டும், அப்புறம் இந்தக் கடை வாசலை எவன் மிதிப்பான்?"

சோபாவில் இருந்த ஒருவர், "நமக்கு இருக்கறது ஒரே ஒரு கழுத்து, சின்னவரே," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவரும் சேர்ந்து சிரித்தார், வேறென்ன செய்ய? எதிரே கண்ணாடியில் அந்தச் சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்ததைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டி.வி.யை நிறுத்தி, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மனைவி வந்ததும் அதற்கு எதிரே ஒரு கண்ணாடியை மாட்டச் சொன்னார். மாலையில் கல்லூரியிலிருந்து வந்த மகள், "என்னப்பா, ஹாலை சலூனாக்கிட்டீங்க?" என்றாள்.

"இனிமே இது சலூன்தான். உனக்கு டி.வி. வேணும்னா மேல்வீட்டுக்குப் போய்ப் பாரு."

பலூனில் ஆரம்பித்தார். பலூனை ஊதி, நாற்காலியின் தலைத்திண்டில் கட்டி, நுரையைப் பூசி, சவரக்கத்தியால் அந்த நுரையை மட்டும் வழிக்க வேண்டும். சின்ன வயதில் தொழில் பழகியபோது செய்ததுதான், அப்போது வலது கை அதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டது. இடது கை அப்படியா? கத்தி தொட்டதும் டப். அடுத்தது டப். முகமெல்லாம் நுரை, தரையெல்லாம் ரப்பர்த் துணுக்கு. தெருவுக்கே கேட்டது. மேல்வீட்டு அம்மா மாடிப்படியில் மகளைப் பிடித்து, "ஏம்மா, உங்க வீட்டுல தினமும் யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டாளாம்.

தினமும் விடிந்ததும் பலூன். பிறகு எழுத்து. பிறகு கத்தரி. கத்தரிதான் அவரை அழவைத்தது. அவர் கத்தரி வலது கைக்காரனுக்குச் செய்தது; இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, முடியை வெட்டாமல் மடித்துக் கடித்தது. மகள் போனில் தேடி, இடது கைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரி ஒன்றை வரவழைத்துத் தந்தாள். சீப்பைப் பிடிக்கக் கை வேண்டுமே? வலது உள்ளங்கையில் மாட்டிக்கொள்ள அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்றை அவளே தைத்தாள், அதில் சீப்பைச் செருகினால் நின்றது. விரல் வேலை செய்யாவிட்டால் என்ன, தோள் தூக்குகிறதே! தோளால் சீப்பைத் தூக்கி, இடது கையால் வெட்டினார். நாற்காலியில் உட்காரவைக்க ஒரு பொம்மைத் தலை வாங்கினார்கள். அது முதல் வாரத்தில் எலி கடித்தது போலவும், அடுத்த வாரத்தில் நாய் கடித்தது போலவும் ஆனது.

அதோடு தன் முகத்தையும் தானே மழித்துக்கொண்டார். தாடையில் பிளாஸ்திரி, மூக்குக்குக் கீழே பிளாஸ்திரி. எதிரில் வந்தவர்கள், "யாரோட சண்டை?" என்று கேட்டார்கள். "என்னோடதான்," என்றார்.

நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. ஒரு நாள் பலூன் வழுவழுவென்று முழுசாக நிற்கும். மறுநாள் அதே கை கத்தியைப் பிடிக்கவே தெரியாத மாதிரி நடுங்கும். பிசியோதெரபிப் பெண் ஒருநாள் அவர் வலது விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல பெரிய முன்னேற்றம் எதிர்பார்க்காதீங்க சார். வரவேண்டியது இதுக்குள்ள வந்திருக்கணும்," என்றாள். அவள் போனதும் பொம்மைத் தலையைத் தட்டிவிட்டார். புதுக் கத்தரி சுவரில் மோதி மூலையில் விழுந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மனைவி பொம்மைத் தலையை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"எல்லாம் முடிஞ்சது. அண்ணன் சொன்னதுதான் சரி," என்றார் அவர்.

"என் கிளாஸ்ல ஒரு பிள்ளை இருக்கு. பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து 'இ' எழுதச் சொன்னா இடம் வலம் மாத்திப் போடுது. எழுதறப்போ நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு எழுதும், அவ்வளவு மும்முரம். அதுக்காக நான் அதை வீட்டுக்குப் போய் டி.வி. பாருன்னு அனுப்பிடல."

அவளே மூலைக்குப் போய்க் கத்தரியை எடுத்தாள், ஆனால் அவர் கையில் கொடுக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து அவளுக்குக் கத்தரிச் சத்தம் கேட்டது.

மாதங்கள் போயின. பலூன் உடைவது அபூர்வமாகி, பிறகு நின்றேபோனது. மேல்வீட்டு அம்மா இப்போது, "என்னம்மா, பிறந்தநாளே காணோம்?" என்று கேட்டாள். நோட்டின் ஓரத்தில் 'நன்று' விழுந்தது. தோலை இழுத்துப் பிடிக்க விரல் இல்லாத குறைக்கும் ஒரு வழி கிடைத்தது: வலது உள்ளங்கையின் விளிம்பைக் கன்னத்தில் வைத்து, தோளை லேசாகப் பின்னுக்கு இழுத்தால் தோல் தானாக விறைத்துக்கொண்டது. கை செத்தாலும் அதன் பாரம் சாகவில்லையே. முகத்தில் பிளாஸ்திரி இல்லாமல் ஒரு வாரம் கழிந்ததும், அவர் நல்ல சட்டை ஒன்றை எடுத்து, எல்லாப் பட்டனையும் தானே போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

"வீட்டுக்கு வந்து ஒரு தடவை பாரு," என்றார் அண்ணனிடம். "பலூன்ல காட்டறேன், பொம்மைல காட்டறேன். சரியில்லைன்னா நீயே சொல்லு."

பெரியவர் அவரைத் தனியாக அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார். "தம்பி, மனசை அலையவிடாதே. பலூனுக்கு வலிக்காது. மனுஷனுக்கு வலிக்கும். ஸ்டூல் ரெடியா இருக்கு, நாளைக்கே வா."

"நீ வந்து பாக்கக்கூட மாட்டே?"

"பாத்து என்ன ஆகப்போகுது? உன் ஆசையை நான் வளர்க்கணுமா?"

சின்னவர் அந்தக் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். "சரி. நீ வரவேணாம். இங்கிருந்தே பாரு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும், "நாற்காலியை வெளிய எடுக்கணும்," என்றார் வீட்டில்.

"எங்க?" என்றாள் மனைவி.

"வாசலுக்கு. பிளாட்பாரத்துல."

"ரோட்டுலயாங்க? அதுவும் உங்க அண்ணன் கடைக்கு நேர் எதிர்ல?"

"அதனாலதான்."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தாயும் மகளும் ஒரு பக்கம், ஒற்றைக் கையோடு அவர் மறுபக்கம். இரும்புப் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நாற்காலியை வாசல்படி தாண்டிக் கொண்டுபோனார்கள். கண்ணாடியை ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். ஒரு அட்டையில் அவர் இடது கையாலேயே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினார்:

'இடது கையால் முடி வெட்டப்படும். பயமுள்ளவர்கள் எதிர்க்கடைக்குப் போகவும்.'

"கையெழுத்து எப்படி, டீச்சர்?"

"கோட்டைத் தாண்டல," என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

காலை முழுக்க ஒருத்தரும் உட்காரவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் நிறைய. சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்று அட்டையை வாய்விட்டுப் படித்துவிட்டு, தன் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு போனார். எதிரே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பெரியவர் கத்தரியோடு நின்று நின்று பார்த்தார். சின்னவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நேராக நின்றார். வெயில் ஏறியது. அவர் நகரவில்லை.

மகள் வாசலில் உட்கார்ந்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். சட்டென்று எழுந்துபோய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துவிட்டாள். இடுப்பைத் தொடும் முடி நாற்காலிக்குப் பின்னால் விழுந்தது.

"அப்பா, தோள் வரைக்கும் வெட்டுங்க."

"அடியேய்!" மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அந்த முடியைப் பிறந்ததிலிருந்து எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்து வளர்த்தவள் அவள். "எழுந்திருடி! விளையாட்டா இருக்கா? எத்தனை வருஷத்து முடி!"

"நான் எத்தனை வருஷமா கேக்கறேன், நீங்க விட்டீங்களா? இன்னிக்கு அப்பாவுக்குத் தலை வேணும், எனக்கு வெட்டணும். நடுவுல நீங்க வராதீங்கம்மா."

"பாப்பா, பரிதாபப்பட்டு உக்காராதே," என்றார் சின்னவர் தாழ்ந்த குரலில்.

"பரிதாபமா? நீங்க கோணலா வெட்டினா உங்களோட ஒரு மாசம் பேசமாட்டேன். ஒழுங்கா வெட்டுங்க."

அவர் துணியை உதறிக் கழுத்தில் கட்டினார். சீப்பைப் பட்டையில் செருகினார். வெட்ட ஆரம்பித்தபோது முடி தரையில் விழ விழ மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். அவர் அவசரப்படவில்லை. வாரி, க்ளிப் போட்டு, கொஞ்சம் வெட்டி, சுற்றிவந்து பார்த்து, மறுபடி வாரினார். தெரு கூடிவிட்டது. தோளுக்கு வந்தபோது வலப்பக்கம் ஒரு இழை நீளமாகத் தெரிந்தது. சமன் செய்தார். இப்போது இடப்பக்கம் நீண்டது. அதையும் எடுத்தார். கூட்டத்தில் யாரோ, "இப்படியே போனா மொட்டைதான்," என்றார்கள். சின்னவர் கத்தரியை நிறுத்தி, மூச்சை இழுத்து விட்டு, சொன்னவரைப் பார்த்தார். "அடுத்த ஆள் நீங்களா?" அந்த ஆள் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

கடைசியில் முடி தோளிலும் நிற்கவில்லை, தாடைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. ஆனால் நேராக நின்றது. மகள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். தலை திரும்பிய பக்கமெல்லாம் முடியும் கூடவே திரும்பி, பழைய இடத்தில் வந்து விழுந்தது. அவள் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்து, "பேசுவேன்," என்றாள்.

மனைவி கிட்டே வந்து ஓரங்களை விரலால் அளந்து பார்த்தாள். "இவளை அடிக்கவும் முடியல, உங்களைத் திட்டவும் முடியல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்து உட்கார்ந்தது ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். உச்சியில் பளபளவென்று வழுக்கை, காதோரம் மட்டும் கொஞ்சம் முடி. "எனக்கு இருக்கறதே நாலு முடி, அதுல நீங்க என்னத்தைக் கெடுத்துடப் போறீங்க? போதாக்குறைக்குத் தலைக்கு இன்சூரன்ஸ் வேற போட்டிருக்கேன். தைரியமா வெட்டுங்க." கூட்டம் சிரித்தது. அவர் எழுந்தபோது காதோரம் இரண்டும் ஒரே அளவில் இருந்தன. அவருக்குப் பின்னால் ஒரு பால்காரர் உட்கார்ந்தார்.

அப்படியே அந்த வாரம் நடந்தது. ஒரு நாளைக்கு நாலு பேர், ஐந்து பேர். ஒரு தச்சருக்குக் காதுக்குப் பின்னால் கீறிவிட்டது. சின்னவர் பஞ்சை வைத்து அழுத்தி, மன்னிப்புக் கேட்டார். தச்சர் காசைக் கொடுக்காமல் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை சின்னவர் காதுக்குப் பின்னால் ஓட்டும் அந்த ஒரு வளைவை மட்டும் பொம்மைத் தலையில் போட்டுப் போட்டுப் பார்த்தார், மகள் விளக்கை அணைக்கும்வரை.

பெரியவரால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் காலை கழுத்தில் துண்டோடு விறுவிறுவென்று தெருவைக் கடந்து வந்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி.

"போதும்டா. ஊர் சிரிக்குது. அண்ணன் தம்பியைத் தெருவுல விட்டுட்டான்னு என் காதுபடப் பேசறாங்க. நாற்காலியை உள்ள எடு."

"நீ என்னைத் தெருவுல விடல. டி.வி. முன்னால விட்டே."

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்!"

"என் நல்லதுக்கு நீ என்ன பண்ணினே? என் கையைத் தடவிக்கொடுத்தே. செத்துப்போன கையை மட்டும் பிடிச்சுப் பிடிச்சு அழுதே. இன்னொரு கை இருக்கே, அது என்ன பண்ணுதுன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், வந்து பாத்தியா?" சின்னவர் குரல் உயர்ந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். "விடிஞ்சா எழுந்து பலூனைச் சவரம் பண்ணினேன். என் மூஞ்சியையே கிழிச்சுக்கிட்டேன். ஆனா ஆவன்னா எழுதினேன். இவ்வளவு பண்ணினதும் உன் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து வாங்க வாங்கன்னு சொல்லவா?"

பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "எனக்குப் பயம்டா," என்றார் திடீரென்று. "நீ கத்தியை எடுத்து, அது வராம போய், அதை நீ தாங்கமாட்டியேன்னு பயம். போதுமா?"

"வராம போனா போகட்டும். அதை நான் பாத்துக்கறேன். நீ முன்னாடியே எனக்காகத் தோத்துப்போகாதே."

பெரியவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தலையைத் திண்டில் சாய்த்து, தாடையைத் தூக்கிக் காட்டினார்.

"போடு. எல்லாரும் பாக்கட்டும். வெட்டினே, அப்புறம் இருக்கு உனக்கு."

சின்னவர் நுரையைக் குழைத்தார். பூசினார். புது பிளேடை மாற்றினார், ஒற்றைக் கையால், பல்லால் உறையைக் கிழித்து. வலது உள்ளங்கையைத் தூக்கி அண்ணனின் கன்னத்தில் வைத்துத் தோளைப் பின்னுக்கு இழுத்தார். அந்தக் கை அண்ணனுக்குப் பழக்கமானதுதான், தினமும் தடவினதுதான். ஆனால் இப்போது அது வேலை செய்துகொண்டிருந்தது. கத்தி இறங்கியது.

கன்னம் முடிந்தது. மேலுதடு முடிந்தது. தொண்டைக்கு வந்தபோது பெரியவரின் குரல்வளை ஏறி இறங்கியது. "எச்சில் முழுங்காதே," என்றார் சின்னவர். அவர் கை நடுங்கவில்லை. வலது கையால் செய்த காலத்தில் இருந்த வேகம் இல்லை. ஒவ்வொரு இழுப்பையும் யோசித்து இழுத்தார். தாடை எலும்புக்குக் கீழே, கடைசி இழுப்பில், ஊசி முனை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வந்தது.

"ரத்தமா?" என்றார் பெரியவர் கண்ணைத் திறக்காமல்.

"ஒரு பொட்டு."

"ஹும். ரெண்டு கையும் இருந்தப்பவும் அந்த இடத்துல எனக்கு நீ போட்டிருக்கே. மேடும் பள்ளமுமா இருக்கற இடம் அது." பெரியவர் எழுந்து கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னத்தை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடியது தெரிந்தது. கிடைக்கவில்லை. "சோபாவை எடுத்துடறேன்," என்றார்.

"அவசரமில்ல. சில விஷயம் பேசணும்."

"என்னடா?"

"நாற்காலி பழைய மாதிரி இருக்கக் கூடாது. சாமான் வைக்கற பலகை என் இடது பக்கம் வரணும். பைப்பும் அந்தப் பக்கம். அப்புறம், வர்றவங்ககிட்ட என் கதையைச் சொல்லிப் பாவம் பாவம்னு சொல்லக் கூடாது. அவங்களுக்கு இஷ்டம்னா உக்காரட்டும், இல்லைன்னா உன்கிட்ட வரட்டும்."

"நிபந்தனை வேறயா?"

"இல்லைன்னா இந்தப் பிளாட்பாரம் போதும் எனக்கு. காத்து நல்லா வருது."

பெரியவர் தம்பியை முறைத்தார். முறைப்பு நிற்கவில்லை, சிரிப்பாகிவிட்டது. "சரியான திமிர் பிடிச்சவன்டா நீ. ஆச்சு, பலகைக்கு ஆளைக் கூப்பிடறேன்."

நாற்காலி மறுபடியும் தெருவைக் கடந்து போனது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. சின்னவர் ஒரு தலை முடிக்கிற நேரத்தில் பெரியவர் இரண்டு தலை முடித்தார். முன்பு சின்னவரிடம் வழக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு வக்கீல், பார்க்கும்போதெல்லாம் அன்பாக விசாரித்துவிட்டு, பெரியவரிடம் போய் உட்கார்ந்துகொள்வார். அது சின்னவருக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் வேறு சிலர், அவர் நிதானத்துக்காகவே வந்தார்கள். பிசியோதெரபிப் பெண் ஒருநாள் கடை வாசலில் நின்று அவர் வேலை செய்வதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். "அந்தத் தோள் அசைவை நான் சொல்லித்தரலையே சார்," என்றாள். "நீங்க எதிர்பார்க்காதீங்கன்னு சொன்னீங்க. அது என் காதுல சரியா விழல," என்றார்.

ஒரு சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்தார். அப்போதுதான் காலியான சின்னவர் நாற்காலியைப் பார்த்தார், சீப்பு கட்டின கையைப் பார்த்தார், மற்றக் கையில் இருந்த கத்தரியைப் பார்த்தார்.

"உங்களுக்கு... இப்படி வெட்டப் பழக்கம் இருக்கா?" என்று தயங்கிக் கேட்டார்.

"தினமும் பழகறேன்," என்றார் சின்னவர்.

அந்த ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் அவர்கிட்டயே வெட்டிக்கறேன்," என்று உள்பக்கம் நகர்ந்தார். பெரியவர் வாயைத் திறக்கப் போனார்; தம்பி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். சின்னவர் துணியை எடுத்து வாசல் பக்கம் பலமாக ஒரு உதறு உதறினார்.

"அடுத்தவர் யாருங்க? வாங்க."

இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.